வாரத்துக்குப் போன மாடுகள்

1

அன்புள்ள பிள்ளைகளா,

மடுல்சீமையில் உங்களுக்குப் பாடம் சொல்லித்தருகிற நிர்மலா டீச்சர் என் தம்பி மகள். போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடுத்தவள், பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கிற மானாப்புல் மலை எரிந்த கதையைச் சொன்னாள். கச்சான் காற்று தீயைத் தூக்கிக்கொண்டு ஓட, தேயிலை மலையில் ஓரத்து வரிசைகள் கருகிப் போயினவாம். நீங்கள் எல்லாரும் பாடத்தை விட்டுவிட்டு ஜன்னலில் தொங்கினீர்களாம்.

"ஒங்க ஊர்லயும் தீ வந்துச்சுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன் பெரியப்பா. மாடெல்லாம் என்னாச்சு, மனுசங்க என்னாச்சுன்னு கேட்டு உசிர வாங்குதுங்க. நீங்களே எழுதி அனுப்பிருங்க. நான் கணக்குப் பாடம் எடுக்க வேணாமா?" என்றாள்.

எனக்கு எழுத்து வராது பிள்ளைகளா. நானும் உங்கள் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தான். எட்டாம் ஆண்டு வரை படித்தேன். பிறகு பதுளை பஸாரில் ஒரு கடையில் மூட்டை தூக்கினேன். பண்டாரவளைப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் பல வருடம் இருந்தேன். அப்புறம் ஒரு பாலைவன நாட்டில், மாடுகளுக்கு ஏசியும் எங்களுக்கு ஃபேனும் போட்ட பெரிய பண்ணையில் கொஞ்ச காலம். அங்கிருந்து இங்கே, ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தேன். ஆக, எனக்கு மாட்டைத் தெரியும். புத்தகம் எழுதுகிறவர்கள் மாதிரி எழுதத் தெரியாது. பிழை இருந்தால் டீச்சர் திருத்திவிட்டு வாசிக்கட்டும்.

கச்சான் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. டீச்சர் போனை வைத்ததும் என் மகள் அனிதாவிடம், "மடுல்சீமையில கச்சான் அடிக்குதாம்" என்றேன். அவளுக்குப் பதினைந்து வயது. ஆறு வயதில் இங்கே வந்தவள். "யாரு யார அடிக்கிறாங்க?" என்றாள். அவளுக்குக் கச்சான் என்றால் ரயிலில் சுருள் சுற்றி விற்கிற வறுத்த கடலை மட்டும்தான். காற்றுக்கும் அதே பெயர் என்று நான் சொன்னதை இன்னும் முழுதாக நம்பவில்லை. இந்த மாதிரிச் சொல் விஷயங்கள் இந்தக் கதையில் நிறைய வரும். எங்களைக் காப்பாற்றியதும் அவைதான், மானத்தை வாங்கியதும் அவைதான்.

2

முதலில் இடத்தைச் சொல்கிறேன். இது இறைச்சிக்கு மாடு வளர்க்கிற ஊர். ஊர் என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டு இருக்காது. ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் அடுத்த வீட்டுக்கு மணம் போக வழியே இல்லை. ஊர்க் கூட்டம் போடுகிற ஒரு ஹால், அதன் பக்கத்தில் ஒரு கிரிக்கெட் மைதானம், ஒரு பெட்ரோல் கடை, ஒரு சிறிய பள்ளிக்கூடம். மற்றதெல்லாம் கம்பி வேலியும் புல்லும் மாடும்.

என் முதலாளி பெயர் புரூஸ். அவர் மனைவி ஹெலன். வயதான இரண்டு பேர், பிள்ளைகள் நகரத்தில். அவர்கள் பண்ணைக்குள்ளேயே ஒரு சின்ன வீட்டில் நானும் மனைவி மேரியும் அனிதாவும் இருக்கிறோம். மேரி இன்னும் புரூஸைத் துரை என்றுதான் சொல்வாள், அவர் காதில் விழாத தூரத்தில். அவர் என்னைச் சாம் என்று கூப்பிடுவார். என் முழுப்பெயர் ஞானப்பிரகாசம். முதல் பாதியை இவர்கள் நானா என்று உச்சரித்தார்கள். இங்கே நானா என்றால் பாட்டி. பாட்டியாக இருப்பதைவிடச் சாமாக இருப்பது நல்லது என்று கடைசித் துண்டைக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. எங்களுடைய வேலை விசா புரூஸின் பண்ணையோடு சேர்ந்தது. முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி. முளையைப் பிடுங்கினால் கன்று வேறு முளை தேட வேண்டும், அதுவும் சீக்கிரம். கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நிரந்தரமாக இருக்கிற அனுமதி கிடைக்க எங்களுக்கு இன்னும் காலம் இருந்தது. அதனால் புரூஸ் பண்ணையை விற்றுவிட்டுப் போனால் அனிதாவின் படிப்பும் பாதியில் நிற்கும்.

இப்போது மஸ்டர் கதை. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டு உங்களுக்குத் தெரியும். நம் கணக்கப்பிள்ளைமார் அதையே மஸ்டர் என்றும் சொல்வார்கள். இங்கே வந்த முதல் வாரத்தில் புரூஸ், நாளைக்குக் காலை ஆறு மணிக்கு மஸ்டர் என்றார். அட, இங்கேயும் பெரட்டு இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். விடியற்காலையில் எழுந்து சட்டையை அயன் பண்ணிப் போட்டேன். மேரி சேலை கட்டி, அனிதாவுக்கு ரிப்பன் வைத்துப் பின்னி விட்டாள். மூன்று பேரும் கொட்டகைக்கு முன்னால் வரிசையாக நின்றோம்.

புரூஸ் நாலு சக்கர மோட்டார் சைக்கிளில், பின்னால் இரண்டு நாய்களோடு வந்தார். எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். நாய்களும் பார்த்தன. கோயிலுக்குப் போகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

மேரி என் காதருகே, "பேசாம நில்லுங்க, பேர் கூப்பிடுவாரு" என்றாள்.

அவர் பெயர் கூப்பிடவில்லை. இங்கே மஸ்டர் என்றால் மலையில் மேய்கிற மாடுகளை ஒன்றாக ஓட்டிக்கொண்டு வருவது. அயன் பண்ணின சட்டையோடு அன்றைக்குச் சாணியில் விழுந்து எழும்பினேன். அந்தக் கதை ஊர் முழுதும் போய், பெட்ரோல் கடையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் நேராக நின்று சல்யூட் அடித்தார்கள். அந்த வெட்கத்தில் ஒன்றை மனதில் ஆணி அடித்து வைத்தேன்: மஸ்டர் என்றால் மாடு. மனுஷர் இல்லை, மாடு.

3

போன ஜனவரியில் தீ வந்தது. இங்கே ஜனவரி கோடைகாலம். வடக்கே இருந்து வருகிற காற்று, அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். புல் எல்லாம் வெள்ளையாகக் காய்ந்து, நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். அன்றைக்குக் காலையில் மேரி கொடியில் போட்ட துணி, அடுத்த துணியைப் போட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயமாகத்தான் முதலில் நினைத்தாள்.

மலைக்கு அந்தப்பக்கம் புகை எழும்பியது. இங்கே தீயணைக்கப் போகிறவர்கள் ஊர் ஆட்கள்தான், சம்பளம் இல்லாமல். புரூஸும் தீயணைப்பு லொறியில் ஏறி மலை உச்சிக்குப் போய்விட்டார். ஹெலன் ஹாலில் தண்ணீரும் சாப்பாடும் ஏற்பாடு பண்ணப் போனார். நான், மேரி, அனிதா மூன்று பேரும் வீட்டில். பெரும்பாலான மாடுகள் மலைச்சரிவில் தூரத்தில் மேய்ந்தன. வீட்டுக்குப் பக்கத்துப் புல்வெளியில் தலைச்சன் சினை மாடுகள் ஓர் அறுபது எழுபது நின்றன. இளசுகள். கையால் தீனி வைத்துப் பழக்கியவை. வாளிச் சத்தம் கேட்டால் ஓடி வரும்.

ஹெலன் போன் எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "சாம், மஸ்டர் அட் த ஹால். நவ்." அதோடு லைன் அறுந்துபோனது.

அவர் சொன்னது, எல்லாரும் ஹாலில் வந்து கூடுங்கள், ஆள் எண்ணப் போகிறோம் என்று. அதாவது பெரட்டு. சுத்தமான மடுல்சீமைப் பெரட்டு. ஆனால் நான்தான் மனதில் ஆணி அடித்து வைத்திருக்கிறேனே. மேரியிடம், மாட்டையெல்லாம் ஹாலுக்கு ஓட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்றேன். மேரி ஒரு தடவை புகையைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

"ஹாலுக்குள்ளயா?"

"மைதானத்துலதான் இருக்கும்."

"தொரை சொன்னா செய்யத்தானே வேணும்" என்றாள்.

மேரி பிக்கப் வண்டியை எடுத்தாள். பின்தட்டில் அனிதா வைக்கோல் கட்டை வைத்துக்கொண்டு, வாளியைத் தட்டித் தட்டி மாடுகளைக் கூப்பிட்டாள். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் நாயோடு. அந்த நேரம் தீ மலைக்கு அந்தப்பக்கம்தான் இருந்தது, வழியில் புகை மட்டும். மாடுகள் வாளியின் பின்னால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி வந்தன. பாலத்தில் மட்டும் ஒரு மாடு நின்று, கீழே தண்ணீர் இருக்கிறதா என்று ஆற அமரப் பார்த்தது. அதை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அனிதா அதைத் திட்டிய இங்கிலீஷ் வார்த்தைகளையும் மறக்க மாட்டேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

பிள்ளைகளா, ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை யாரும் புத்திசாலித்தனம் என்று நினைக்க வேண்டாம். மானாப்புல் எரிகிற வேகம் உங்களுக்குத் தெரியும். தீ வரும்போது ஆடு, மாடு, புத்தகப்பை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டும். நாங்கள் ஓடாதது தைரியத்தால் இல்லை, இங்கிலீஷ் விளங்காததால்.

4

ஹாலில் இருந்தவர்கள் ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஜன்னலால் பார்த்தார்களாம். புகைக்குள் இருந்து முதலில் மேரியின் வண்டி, பின்னால் மாடுகள், அதற்கும் பின்னால் நான். ஹெலன் வெளியே ஓடி வந்தார். எங்களைக் காணவில்லை என்று மூன்று தடவை பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏச வாயைத் திறந்தவர் மாடுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டு மைதானத்துக் கேட்டைத் திறந்துவிட்டார்.

அந்தப் பக்கத்திலேயே பச்சையாக இருந்தது அந்த மைதானம் ஒன்றுதான். ஆட்டம் வரப்போகிறது என்று கிரிக்கெட் கிளப் செயலாளர் டெரி தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல். டெரிக்கும் எங்களுக்குப் பக்கத்தில்தான் பண்ணை. மாடுகள் பிட்ச் மேல் ஏறி நின்றதைப் பார்த்து, "சாம், பிட்ச், பிட்ச்" என்று இரண்டு கையையும் ஆட்டினார். நான் அவர் வேறு என்னமோ கெட்ட வார்த்தை சொல்கிறார் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அதிகம் எழுத வேண்டாம் என்று மேரி சொல்கிறாள். காற்று திடீரென்று திசை மாறியது. மலையில் இருந்த தீ அகலமாகத் திரும்பி எங்கள் பக்கம் வந்தது. பகல் இருட்டாகிவிட்டது. ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது வருமே, அந்த மாதிரிச் சத்தம். ஹாலைச் சுற்றி லொறிகள் தண்ணீர் அடித்தபடி நின்றன. தீ மைதானத்தின் ஓரம் வரை வந்து, பச்சைப் புல்லைப் பார்த்து இரண்டாகப் பிரிந்து போனது. ஹாலுக்குள் நாங்கள் மேரிக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டோம். ஊரில் ஒருவர் உயிரும் போகவில்லை. அதற்கு இன்றைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறோம்.

விடிந்ததும் உதவி செய்ய அதிகாரிகள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு வேடிக்கை. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்கு என் அப்பா பெயர். மேரிக்கு அவள் அப்பா பெயர். அனிதாவுக்கு என் பெயர். இங்கே குடும்பம் முழுவதற்கும் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் எங்களை மூன்று குடும்பமாக எடுத்துக்கொண்டு, மூன்று குடும்பத்துக்கு உண்டான கம்பளிகளையும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் கொடுத்தது. நாங்கள் ஒரே வீடுதான் என்று நான் விளக்க விளக்க, மேசையில் இருந்த பெண் இரக்கத்தோடு, தனித்தனியாக வாழ்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னாள். மிச்சத்தை டெரி வீட்டுக்குக் கொடுத்தோம். அவர்களுக்கு வீடே இல்லாமல் போயிருந்தது. டெரி மேரியின் கையில் இருந்து வாங்கினார். அந்த மேசைக்கு மட்டும் போக மறுத்துவிட்டார்.

புரூஸ் வந்தபோது முகமெல்லாம் கரி. மைதான வேலியைப் பிடித்துக்கொண்டு மாடுகளைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். டெரி பக்கத்தில் போய் நின்று, "பிட்ச் போச்சு" என்றார். வீடு போனவர், பிட்ச்சைப் பற்றித்தான் பேசினார்.

புரூஸ், "நம்ம ஆட்களைவிட நல்லா ஃபீல்டிங் நிக்குதுங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் கண்ணைத் துடைத்தார்கள். புகை என்று சொல்லிக்கொண்டார்கள்.

5

மலைச்சரிவில் இருந்த மாடுகள் தப்பவில்லை. புரூஸும் மிருக வைத்தியரும் துப்பாக்கியோடு போய், வேதனையில் கிடந்தவற்றுக்கு விடுதலை கொடுத்தார்கள். நானும் போனேன். அதை உங்களுக்கு எழுத மாட்டேன். அன்று எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது புரூஸ் தொப்பியைக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேசையில் தொப்பியோடு உட்கார்ந்த அனிதாவையே ஒரு தடவை கண்டித்தவர் அவர்.

ஊரில் எல்லாருக்கும் இதே கதைதான். மாடு இல்லை, வைக்கோல் இல்லை, வேலி இல்லை. தூர இடங்களில் இருந்து முகம் தெரியாதவர்கள் லொறி லொறியாக வைக்கோல் அனுப்பினார்கள். லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரிசையாக வந்தபோது ரோட்டோரத்தில் நின்று பெரிய பெரிய ஆம்பிளைகள் அழுதார்கள். ஆனால் வைக்கோல் எத்தனை நாளைக்கு? புரூஸின் பண்ணையில் வீடுகள் இரண்டும் தப்பின, எங்கள் வீட்டின் ஒரு பக்கச் சுவர் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருந்தது. புல் மட்டும் ஒரு கைப்பிடி கிடையாது. மைதானத்துப் புல்லையும் மாடுகள் வேரோடு தின்று முடித்துவிட்டன.

ஒருநாள் காலை ஹெலன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையல்கட்டில் உட்கார்ந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். பிறகு சொன்னார். புரூஸ் இருக்கிற மாடுகளை வெள்ளிக்கிழமை விற்கப் போகிறார். வாங்குகிற தரகரோடு பேசியாகிவிட்டது. மாடு போனால் நிலமும் போகும். இந்த வயதில் திரும்பவும் வேலி போட்டு, மாடு சேர்த்து, அவரால் முடியாது. உங்கள் விசா விஷயத்துக்கு எங்களால் ஆனதைச் செய்வோம் என்றார்.

அனிதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேரி மட்டும் வெங்காயம் உரித்தபடி பேசினாள். அவளுக்கு மனம் கலங்கினால் வாய் நிற்காது. தமிழில்தான் பேசினாள், அனிதாவைச் சொல்லச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்கு மொத மாடு வாரத்துக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லுடி. எங்க தோட்டத்துல பக்கத்து டிவிசன்ல ஒரு அக்காகிட்ட மாடு இருந்துச்சு, புல்லு அறுக்க ஆள் இல்ல. எங்க அம்மாகிட்ட கை இருந்துச்சு, மாடு இல்ல."

அனிதா இங்கிலீஷில் சொன்னாள். ஹெலன் தலையை ஆட்டிவிட்டு, மெல்ல ஏதோ கேட்டார்.

"அம்மா, ஒரு வாரத்துல அந்த மாட்ட வச்சி என்ன பண்ணினீங்கன்னு கேக்குறாங்க."

"ஒரு வாரமா? ஏழு வருசம் இருந்துச்சுடி எங்க வீட்ல."

அனிதா அதையும் அப்படியே சொன்னாள். ஹெலன் மேரியின் கையைத் தட்டிக்கொடுத்தார். பாவம், தீயில் மேரிக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "வாரம்னா வீக் இல்லடி. பங்கு" என்றேன்.

"அப்ப வீக்குக்கு என்ன?"

"அதுவும் வாரந்தான்."

"காத்தும் கச்சான், கடலையும் கச்சான். பங்கும் வாரம், வீக்கும் வாரம். ஒங்களுக்கு வேற சொல்லே கெடைக்கலியா?" என்று எரிந்து விழுந்தாள். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, முழுசா சொல்லுங்க" என்றாள்.

சொன்னோம். உங்களுக்குத் தெரிந்ததுதான். மாடு வைத்திருக்கிறவர் வளர்க்க முடியாவிட்டால், முடிந்தவரிடம் வாரத்துக்கு விடுவார். மாடு உடையவருக்குத்தான் சொந்தம். முதல் கன்று வளர்த்தவருக்கு, அடுத்த கன்று உடையவருக்கு. இப்படி மாறி மாறி. மேரி வீட்டில் வெறுங்கையோடு ஆரம்பித்து, அந்த அக்காவின் மாட்டை வைத்தே இரண்டு சொந்த மாடு வந்தது. மேரி அதை ஒரு யோசனையாகச் சொல்லவில்லை. கெட்டுப்போன காலத்தில் தன் அம்மா எப்படிச் சமாளித்தாள் என்று ஹெலனுக்கு ஆறுதலாகச் சொன்னாள், அவ்வளவுதான். ஹெலன் எழுந்து போனார். தேத்தண்ணி அப்படியே இருந்தது.

பின்னேரம் புரூஸ் வந்தார். வாசலில் நின்றுகொண்டே கேட்டார், அனிதா இடையில் நின்று சொல்லிக்கொடுத்தாள். கன்று செத்துப் பிறந்தால் யாருக்கு நஷ்டம்? அந்த முறை இரண்டு பேருக்கும் கன்று இல்லை. தீனி யார் கொடுப்பது? வளர்க்கிறவர். மாடே செத்துப்போனால்? எங்கள் பக்கத்தில் தோலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிட்டுப் பொய் சொல்கிறான் என்பார்கள் என்றேன்.

புரூஸ் தாடையைச் சொறிந்தார். "டெரி தோலோட வந்தாலும் நான் நம்ப மாட்டேன்" என்றார்.

அப்போதுதான் அவர் மனது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. டெரிக்கு ஆற்றோரத்தில் ஒரு புல்வெளி எரியாமல் தப்பியிருந்தது, வேலியோடு. மாடு ஒன்றும் இல்லை. வேறு இரண்டு மூன்று வீடுகளுக்கும் இப்படி ஆளுக்கு ஒரு மூலை மிச்சம் இருந்தது. புரூஸிடம் மாடு இருந்தது, புல் இல்லை.

6

டெரியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. உதவி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவர் முகம் இறுகிவிடும். வைக்கோல் லொறியைக்கூட வேறு யாருக்காவது கொடுங்கள் என்று திருப்பி அனுப்பியவர். நானும் புரூஸும் போனபோது, எரிந்த வீட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த கூடாரத்துக்கு முன்னால் நின்று, தர்மத்துக்கு மாடு வேண்டாம் என்றார்.

புரூஸ், "தர்மம் இல்ல. ரெண்டாவது கன்னு எனக்கு" என்றார்.

டெரி புருவத்தை உயர்த்தினார். "மூணாவது?"

"ஒனக்கு."

"நாலாவது?"

"எனக்கு. என்னைய என்ன முட்டாள்னு நெனச்சியா?"

அது வியாபாரம் என்று தெரிந்ததும் டெரியின் தோள் இறங்கியது. இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். வாரம் என்றேன். வார்ம் என்றார். நான் திருத்தவில்லை. இங்கிலீஷில் வார்ம் என்றால் இளஞ்சூடு, பிள்ளைகளா. இப்போது இந்தப் பக்கத்தில் எல்லாரும் அவற்றை வார்ம் மாடுகள் என்கிறார்கள். பெட்ரோல் கடையில் ஒரு வெள்ளைக்காரர் இன்னொருவரிடம், என்னிடம் வார்முக்குப் பத்து நிற்கிறது என்று சொன்னதை என் காதால் கேட்டேன். மடுல்சீமை லயத்துச் சொல், தொப்பி போட்டுக்கொண்டு நடக்கிறது.

வெள்ளிக்கிழமை தரகருடைய லொறி வந்து வெறுமையாகத் திரும்பியது. அடுத்த நாளே வேலி போட ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டு மூலைக்கும் எல்லாரும் சேர்ந்து கம்பி இழுத்தோம். மேரி பெரிய சட்டியில் பருப்பும் ரொட்டியும் கொண்டுவந்தாள். டெரி காரம் தாங்காமல் ஒரு வாளித் தண்ணீர் குடித்துவிட்டு, தீயை அணைக்கக்கூட இவ்வளவு தண்ணீர் செலவாகவில்லை என்றார்.

ஆனாலும் புரூஸ் விற்க மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்பார். இந்த ஒரு கன்று ஈனும் வரை பார்க்கலாம். விலை ஏறட்டும் பார்க்கலாம். எங்களுக்குப் பொழுது அந்தப் பார்க்கலாமிலேயே போனது. அனிதா அடுத்த வருடத்துக்கு என்ன பாடம் எடுப்பது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, அவளும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதைக் கேட்டு மேரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இங்கே இப்போது குளிர்காலம். அப்புத்தளைப் பனி மாதிரி காலையில் ஒன்றும் தெரியாது. மழை பெய்து, கரியாக இருந்த மலை மெல்லப் பச்சை பிடித்திருக்கிறது. டெரியிடம் வாரத்துக்கு விட்ட மாடுகள்தான் முதலில் ஈன்றன. முதல் கன்று பிறந்தபோது அவர் விடியற்காலையிலேயே போன் எடுத்து, நாலு காலும் இருக்கிறது, இது எனக்கு, என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நேற்று நானும் புரூஸும் கொட்டகையில் கேட் ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தோம். தரகர் போன் எடுத்தார். புரூஸ் கையில் கிரீஸ் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். இப்போது நல்ல விலை, கன்றோடு சேர்த்து எல்லா மாட்டையும் எடுத்துக்கொள்கிறேன், இந்த மாதிரி விலை திரும்ப வராது என்றார் தரகர். நான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

புரூஸ் நட்டைத் திருகிக்கொண்டே சொன்னார்: "விக்க முடியாது. அந்தக் கன்னுங்க என்னோடது இல்ல. என்னோடது அடுத்த வருசந்தான் பொறக்கும்."

தரகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

புரூஸ் துணியில் கையைத் துடைத்தார். வசந்தத்தில் மேட்டு நிலத்துக்கு என்ன விதைக்கலாம் என்று என்னிடம் கேட்டார். நீங்கள் எது சொன்னாலும் சரி என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"லூசர்ன் போடுவோம்" என்றேன்.

தமிழில் குதிரைமசால் என்பார்களே, அந்த மாட்டுத்தீனிப் பயிர்தான். ஆழமாக வேர் விடும். முதல் வருடம் பெரிதாக ஒன்றும் தராது. பிறகு ஐந்தாறு வருடம் வெட்ட வெட்ட வரும். போகப்போகிறவன் யாரும் அதை விதைக்க மாட்டான்.

புரூஸ் மேட்டைப் பார்த்தார். விதைக்குச் சொல்லி வை, சாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அனிதாவிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பாடப் பட்டியலை மேசையில் விரித்து வைத்து, அடுத்த வருடத்துக்கு எது எது என்று தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டத் தொடங்கினாள்.